சிகாகோவின் 'எல்' ரயிலில் வயதான தாயாருடன் ஊர் சுற்ற முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் நடுவில், எழுபது வயதைக் கடந்த உங்கள் தாயாருடன் நான்கு நாள்கள் சிகாகோவில் தங்கப்போகிறீர்கள்; கார் ஓட்டும் எண்ணம் இல்லை; தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களின் மீது ஓடும் 'எல்' ('எலிவேட்டட்', அதாவது உயர்மட்டம் என்பதன் சுருக்கம்) ரயிலை நம்பி ஊர் சுற்றலாமா, அது பாதுகாப்பானதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பாதுகாப்பைப் பற்றியது போலத் தோன்றினாலும், அதனுடன் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விவரங்கள் வேறு ஒன்றைச் சொல்கின்றன. வரைபடத்தில் பல வண்ணக் கோடுகள் நகரின் நடுவே ஒரே சதுரத்தைச் சுற்றுவதன் பொருள் உங்களுக்கு விளங்கவில்லை. ஒரே பெயரில் பல நிலையங்கள் இருப்பது குழப்புகிறது. ஒரு காணொளியில் ரயில் வளைவில் கிறீச்சிடுவதைக் கேட்டுத் தாயார் பயந்துவிட்டார். ஆகவே நீங்கள் கேட்பது, புதிதாக வருபவரால் இந்த ரயிலைப் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். முடியும். ஆனால் வரைபடத்தில் எழுதப்படாத சில செய்திகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வர வேண்டும்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் இரும்புப் பாலங்களைப் பரிசோதிக்கும் கட்டுமானப் பொறியாளன். சிகாகோவில் பதினெட்டு ஆண்டுகள் வசித்து, அவற்றில் பெரும்பகுதி பிரவுன் பாதை ரயிலில்தான் வேலைக்குப் போய் வந்தேன். அந்த ரயிலை இயக்கும் சிகாகோ போக்குவரத்து ஆணையத்தில் ஒருநாளும் பணிபுரிந்ததில்லை. எனவே கீழே கட்டுமானத்தைப் பற்றி நான் சொல்வதை ஒரு தொழில்காரனின் சொல்லாகவும், பாதைகளையும் நிலையங்களையும் பற்றிச் சொல்வதை ஒரு பழைய பயணியின் அனுபவமாகவும், இரவுநேரப் பயணத்தைப் பற்றிச் சொல்வதை வெறும் அபிப்பிராயமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் இறங்கும் ஓ'ஹேர் விமான நிலையத்துக்குள்ளேயே நீலப் பாதையின் கடைசி நிலையம் இருக்கிறது. 1984-இல் அங்கே வரை பாதை நீட்டிக்கப்பட்டது. நகர மையத்தை அடைய ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். தாயாரிடம் 'மேலே ஓடும் ரயில்' என்று சொல்லி அழைத்து வந்திருந்தால் இங்கேயே அவர் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார். ஏனெனில் இந்தப் பாதை முதலில் நெடுஞ்சாலையின் நடுவே தரைமட்டத்தில் ஓடி, பிறகு சுரங்கத்துக்குள் இறங்கி, சில நிலையங்களுக்கு மட்டும் தூண்களின் மீது ஏறி, நகர மையம் வருவதற்குள் மறுபடியும் மண்ணுக்குள் போய்விடும். சிவப்புப் பாதையும் நகர மையத்தில் சுரங்கத்தில்தான் ஓடுகிறது. உள்ளூர்க்காரர்களுக்குச் சுரங்கத்தில் ஓடினாலும் அது 'எல்' தான், பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. மேலிருந்து ஊரைப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால் பிரவுன், பச்சை, ஆரஞ்சு, பிங்க் ஆகிய நான்கில் ஒன்றில்தான் ஏற வேண்டும். நீலப் பாதையில் வருபவர்கள் கிளார்க்/லேக் நிலையத்தில் இறங்கினால், வெளியே போகாமலேயே, மறுபடி கட்டணம் செலுத்தாமலேயே, லிஃப்டில் மேலே ஏறி இந்தப் பாதைகளுக்கு மாறிக்கொள்ளலாம். இந்த ஒரு நிலையத்தின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டாலே நான்கு நாள்களின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி, அந்தச் சதுரம். அதன் பெயர் லூப். உண்மையில் அது சதுரமல்ல, வடக்கே லேக், கிழக்கே வாபாஷ், தெற்கே வான் பியூரன், மேற்கே வெல்ஸ் என்ற நான்கு தெருக்களுக்கு மேலே செல்லும் ஒரு செவ்வகம். சுற்றளவு சுமார் 2.9 கிலோமீட்டர். 1892-இல் முதல் உயர்மட்டப் பாதை திறக்கப்பட்டபோது அதை நீராவி இஞ்சின்கள்தான் இழுத்தன. அடுத்த சில ஆண்டுகளில் தெற்கு, மேற்கு, வடக்கு என ஒவ்வொரு திசையிலும் வெவ்வேறு தனியார் கம்பெனிகள் ஆளுக்கொரு பாதை போட்டன. அவற்றின் ரயில்கள் நகர மையத்துக்கு வந்து, பயணிகளை இறக்கி ஏற்றி, திரும்பிப் போக ஒரு பொது இடம் தேவைப்பட்டது. சார்லஸ் யெர்க்ஸ் என்ற முதலாளியின் முயற்சியால் 1897-இல் முழுமையடைந்த அந்தப் பொது இடம்தான் லூப். அதாவது, லூப் என்பது ஊரைச் சுற்றிக் காட்டும் வட்டப்பாதை அல்ல. வெளியிலிருந்து வரும் ரயில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த வழியே திரும்பும் இடம். இது மனத்தில் பதிந்துவிட்டால் வரைபடம் தானாக விளங்கும்.

திசையைப் பொறுத்தவரை, பிரவுன் ரயில்கள் லூப்பைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஆரஞ்சும் பிங்கும் கடிகார முள்ளின் திசையில் சுற்றும். பச்சைப் பாதை முழுச் சுற்றே வராமல் லேக், வாபாஷ் என்ற இரண்டு பக்கங்களின் வழியாக இரு திசையிலும் கடந்துபோகும். ஊதா ரயில் வாரநாள்களின் நெரிசல் வேளைகளில் மட்டுமே லூப் வரை வரும்; மற்ற வேளைகளில் அதை எதிர்பார்த்து நிற்கக்கூடாது. இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரயிலின் நெற்றியிலும் பக்கவாட்டிலும் வண்ணமும் கடைசி நிலையத்தின் பெயரும் ஒளிரும். அவை இரண்டையும் பார்த்து ஏறினால் போதும். வடக்கு, தெற்கு என்ற சொற்களை லூப்புக்குள் நம்ப வேண்டாம். வடக்கே போகவேண்டிய பிரவுன் ரயில் வெல்ஸ் தெருவில் தெற்கு நோக்கித்தான் ஓடிக்கொண்டிருக்கும், ஏனெனில் அது இன்னும் சுற்றி முடிக்கவில்லை. லூப்புக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்கு ரயில் வேண்டியதில்லை. எவ்வளவு தொலைவானாலும் இருபது நிமிட நடைக்குள் அடங்கிவிடும்.

ஒரே பெயரில் பல நிலையங்கள் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. நிலையங்களுக்குப் பெரும்பாலும் அவை குறுக்கிடும் தெருவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வெஸ்டர்ன் என்ற சாலை ஊரின் வட கோடியிலிருந்து தென் கோடி வரை நேராகப் போகிறது. அதை 'எல்' பாதைகள் கடக்கும் இடங்களில் ஐந்தில் நிலையம் இருக்கிறது. ஆகவே வெஸ்டர்ன் என்ற பெயரில் ஐந்து நிலையங்கள். நீலப் பாதையில் மட்டுமே இரண்டு வெஸ்டர்ன்களும் இரண்டு ஹார்லெம்களும் உண்டு. நான் போய்ச் சேர்ந்த முதல் மாதத்தில் லிங்கன் ஸ்கொயர் பகுதியில் ஒரு நண்பரைப் பார்க்கக் கிளம்பி, 'வெஸ்டர்னில் இறங்கு' என்று அவர் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு நீலப் பாதையில் ஏறிவிட்டேன். இறங்கிய இடத்தில் வெஸ்டர்ன் சாலை இருந்தது, நண்பரின் வீடுதான் இல்லை. அவர் சொன்னது பிரவுன் பாதையின் வெஸ்டர்ன்.

அன்று எனக்கு உதவியது நடைமேடைப் பெயர்ப்பலகையில் நிலையத்தின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த எண்கள். வந்து போகிறவர்கள் யாரும் கவனிக்காத, ஆனால் மிகவும் பயனுள்ள விஷயம் அது. சிகாகோவின் முகவரிகள் அனைத்தும் ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் புள்ளியைப் பூஜ்யமாகக் கொண்டவை. அங்கிருந்து எந்தத் திசையிலும் ஒரு மைலுக்கு 800 எண்கள் கூடும் என்பது பொது விதி. நான் இறங்கிய வெஸ்டர்ன் நிலையம் வடக்கே சுமார் 1900-இல் இருந்தது. போக வேண்டியது சுமார் 4600. வித்தியாசம் 2700, அதாவது மூன்று மைலுக்கும் மேல். நடக்கும் யோசனையைக் கைவிட்டு, அந்தச் சாலையிலேயே நேராக வடக்கே போகும் 49-ஆம் எண் பேருந்தைப் பிடித்தேன். நீங்கள் எந்த நிலையத்தின் பெயரைக் குறித்துக்கொண்டாலும் கூடவே பாதையின் வண்ணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். 'பெல்மான்ட்' என்று மட்டும் எழுதினால் அது பாதி முகவரிதான்.

இதனுடன் இன்னொரு சிறு எச்சரிக்கை. சில நிலையங்களில் இரண்டு திசைகளுக்கும் தனித்தனி வாசல்கள் இருக்கும். ஒரு பக்க வாசலில் பயண அட்டையைத் தட்டி உள்ளே போனபின் எதிர்ப்பக்க நடைமேடைக்கு உள்வழியே போக முடியாது. படியேறுவதற்கு முன், வாசலுக்கு மேலே எந்த ரயில்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்று ஒரு நொடி நின்று படித்துவிடுங்கள். தாயாரின் முழங்கால் அதற்கு நன்றி சொல்லும்.

கட்டணம் எளிது. உள்ளே நுழையும்போது ஒருமுறை அட்டையைத் தட்டினால் போதும். வெளியேறும்போது தட்டத் தேவையில்லை. தூரத்துக்கேற்பக் கட்டணம் மாறாது. விதிவிலக்கு ஒன்றுதான்: ஓ'ஹேரில் ஏறும்போது மட்டும் வழக்கமானதைவிடக் கூடுதலாகப் பிடிப்பார்கள். வென்ட்ரா என்ற அட்டையை நிலையத்து இயந்திரத்திலேயே வாங்கலாம். ஒருநாள், மூன்று நாள் என்று வரம்பில்லாப் பயணச் சீட்டுகளையும் அதில் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் அப்படி ஏற்றிய ஓர் அட்டையை இருவர் பகிர முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். இயந்திரம் மீதிச் சில்லறை தராது, எனவே பெரிய நோட்டைப் போடாதீர்கள். தொகையை நான் எழுதவில்லை. அது அவ்வப்போது மாறுவது, இயந்திரத்தின் திரையில் காண்பதே சரியானது.

தாயாரைப் பற்றி நீங்கள் கேட்டதில் முதன்மையானது படிகள். இந்த அமைப்பின் பெரும்பகுதி நூறாண்டுப் பழமையானது என்பதால் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இல்லை. வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி உள்ள நிலையங்களையே தேர்ந்தெடுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆர்ட் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகத்துக்கு மிக அருகில் இருப்பது ஆடம்ஸ்/வாபாஷ் நிலையம். எல்லா வழிகாட்டிகளும் அதையே சொல்லும். அங்கே படிகள் மட்டும்தான். அதற்கு அடுத்த வாஷிங்டன்/வாபாஷ், 2017-இல் திறக்கப்பட்ட புதிய நிலையம், லிஃப்ட் உண்டு. அங்கே இறங்கி நான்கைந்து குறுக்குத்தெருக்கள் நடப்பது, செங்குத்தான இரும்புப் படிகளில் பனி ஈரத்தோடு இறங்குவதைவிட மேல். மிலேனியம் பூங்காவுக்கும் அதே நிலையம்தான் வசதி. பிரவுன் பாதையில் லூப்புக்கு வெளியே உள்ள எல்லா நிலையங்களிலும் லிஃப்டோ சாய்தளமோ இருக்கிறது. ஆனால் லிஃப்ட் என்பது பழுதாகக்கூடிய பொருள் என்பதை மறக்காமல், பக்கத்து நிலையம் ஒன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அவருடைய பயம். இங்கேதான் என் தொழில் பேச வேண்டும். லூப்பின் நடைமேடையில் நின்றால் ரயில் வரும்போது காலடியில் பலகைகள் அதிர்வது தெரியும். கூர்ந்து பார்த்தால் கட்டமைப்பே சற்று அசைவது போல இருக்கும். அசையத்தான் செய்கிறது. தூண்களும் உத்தரங்களும் ரிவெட் அடித்து இணைக்கப்பட்ட எஃகு. சுமை ஏறும்போது சில மில்லிமீட்டர் தொய்ந்து, இறங்கியதும் பழைய நிலைக்குத் திரும்புவது எஃகின் இயல்பு, அந்தத் தொய்வைக் கணக்கில் கொண்டே அதை வடிவமைப்பார்கள். இம்மாதிரிக் கட்டமைப்புகளில் ஒரு பரிசோதகனுக்குக் கவலை தருவது அசைவு அல்ல. தூணின் அடிப்பாகத்தில் சேரும் துருதான். குளிர்காலத்தில் தெருவில் பனி உருகுவதற்காகத் தூவும் உப்பு, வாகனங்கள் தெறிக்கும் நீரோடு தூணின் காலில் போய்ப் படியும். கீழே நடக்கும்போது தூணின் அடியில் புதுப் பூச்சையோ, போல்ட் போட்டு ஒட்டிய புது எஃகுத் தகட்டையோ பார்த்தீர்களானால் அது ஆபத்தின் அடையாளமல்ல, பராமரிப்பின் அடையாளம்.

சத்தத்துக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, லூப்பில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியோ கான்கிரீட்டோ கிடையாது. எஃகு உத்தரங்களின் மீது மரக்கட்டைகள், அவற்றின் மீது தண்டவாளம், அவ்வளவுதான். கட்டைகளின் இடைவெளி வழியே கீழே போகும் கார்கள் தெரியும். சத்தத்தை உறிஞ்ச எதுவுமில்லாததால் முழு எஃகுக் கூடும் ஒரு தவில் போல முழங்குகிறது. இரண்டாவது, அந்தக் கிறீச்சிடல். லூப்பின் மூலைகளில் ரயில் ஒரு தெருச் சந்தியின் அகலத்துக்குள் முழு செங்கோணமாகத் திரும்ப வேண்டும்; வளைவின் ஆரம் சுமார் 90 அடிதான். ரயில் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கிப் பொருத்தப்பட்டவை, ஒரே வேகத்தில்தான் சுழலும். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள் சக்கரம் குறைந்த தூரம். இரண்டும் ஒரே அளவு சுழல்வதால் ஏதேனும் ஒன்று வழுக்கித்தான் ஆக வேண்டும். அந்த வழுக்கல் சீராக நிகழாமல், பற்றியும் விட்டும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நிகழும்போது எழும் ஓசைதான் நீங்கள் காணொளியில் கேட்டது. வயலின் கம்பியில் வில் செய்வதும் இதையேதான், விளைவுதான் வேறு. இதே வளைவுகளுக்காகவே இந்த ரயிலின் பெட்டிகள் வெறும் 48 அடி நீளத்தில், குட்டையாகச் செய்யப்படுகின்றன.

டிசம்பரில் வருவதால் இன்னொன்றும் சொல்லி வையுங்கள். மின்சாரம் மேலே கம்பியில் வருவதில்லை. பாதையின் ஓரமாகச் செல்லும் மூன்றாவது தண்டவாளத்தில் 600 வோல்ட் நேர்மின்சாரமாக வருகிறது. அதன் மீது உறைபனி படிந்திருக்கும் காலைகளில் ரயிலின் அடியிலிருந்து நீல நிற மின்னல் தெறிக்கும். பார்க்கப் பயங்கரம், ஆனால் தொடர்பு விட்டு விட்டுக் கிடைப்பதன் விளைவுதானே தவிரக் கோளாறு அல்ல. ஆனால் அதே காரணத்தால், கைப்பேசியோ கையுறையோ பாதையில் விழுந்தால் எடுக்க இறங்கவே கூடாது. ஊழியரை அழைக்க வேண்டும், அல்லது அந்தக் கையுறையை மறந்துவிட வேண்டும்.

ரயில் மேலிருந்து விழுந்ததே இல்லையா என்று தாயார் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். 1977-ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று, லேக் தெருவும் வாபாஷும் சந்திக்கும் மூலையில், முன்னால் நின்றிருந்த ரயிலின் மீது பின்னால் வந்த ரயில் மெதுவான வேகத்தில் மோதியது. மோதிய பின்னும் அதன் விசை குறைக்கப்படாததால் பெட்டிகள் மடங்கித் தெருவில் விழுந்தன. 11 பேர் இறந்தார்கள். அதை ஒரு பொறியாளனாகப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது, அன்று தோற்றது இரும்புக் கட்டமைப்பு அல்ல, ரயிலை ஓட்டிய முறை என்பதே. தினமும் நூற்றுக்கணக்கான ரயில்கள் திரும்பும் அந்த மூலையில் நானும் பல்லாயிரம் முறை திரும்பியிருக்கிறேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான். தாயாரைக் கதவுக்குப் பக்கத்தில் உள்ள முன்னுரிமை இருக்கையில் உட்கார வையுங்கள். மூலை நெருங்கும்போது எழுந்து நிற்க விடாதீர்கள்.

நான்கு நாள்களில் ஒரே ஒரு பயணம் செய்யலாம் என்றால் எதைச் செய்வது? என் பதில் பிரவுன் பாதை. பதினெட்டு ஆண்டுப் பழக்கத்தின் சாய்வு இதில் இருக்கலாம். வாஷிங்டன்/வெல்ஸ் நிலையத்தில், லிஃப்டில் மேலே போய், அந்தப் பாதையின் கடைசி நிலையமான கிம்பால் நோக்கிச் செல்லும் பிரவுன் ரயிலில் ஏறுங்கள். அந்த இடத்தில் ஏறினால் அதே சீட்டில் லூப்பின் நான்கு பக்கங்களையும் பார்த்துவிடலாம். அலுவலகங்களின் இரண்டாம் மாடி ஜன்னல்கள் கைக்கெட்டும் தூரத்தில் நகரும். வாபாஷ் தெருவில் நகைக்கடைகளின் மேல்மாடிப் பட்டறைகளில் விளக்கின் கீழ் குனிந்திருப்பவரின் தலை தெரியும். சுற்றி முடித்ததும் லேக் தெருவும் வெல்ஸ் தெருவும் சேரும் இடத்தில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஒரு சந்திப்பு வரும். ரயில் அங்கே பெரும்பாலும் நின்று, முறை வந்த பிறகே நகரும். அடுத்த கணம் ஆற்றின் மேல் இருப்பீர்கள். வெல்ஸ் தெருப் பாலம் 1922-இல் கட்டப்பட்ட இரண்டடுக்குப் பாலம். மேல் தட்டில் ரயில், கீழ்த் தட்டில் கார்கள், கப்பல் வந்தால் இரண்டும் சேர்ந்து தூக்கப்படும்.

அதற்குப் பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கட்டடங்கள் குட்டையாகி, பாதை வீடுகளின் பின்புறத்தை ஒட்டிப் போகத் தொடங்கும். சிகாகோவில் வீட்டின் முன்பக்கம் செங்கல்லும் கல்லும். பின்பக்கம் மரத்தாலான தாழ்வாரங்களும் மாடிக்கு மாடி மடங்கி இறங்கும் மரப்படிகளும். முதல் உயர்மட்டப் பாதையும் இப்படித்தான் பிறந்தது: தெருவின் மேலே பாதை போட வேண்டுமானால் அந்தத் தெருவின் நிலச் சொந்தக்காரர்களில் பெரும்பாலோரின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் இருந்ததால், 1892-இல் அந்தக் கம்பெனி தெருவை விட்டுவிட்டு, வீடுகளின் பின்னால் உள்ள சந்தின் ஓரமாக நிலம் வாங்கிப் பாதை போட்டது. இன்று பச்சைப் பாதையின் தெற்குப் பகுதி அந்தச் சந்திலேயே ஓடுகிறது. பிரவுன் ரயில் பெல்மான்ட்டைத் தாண்டியதும் 2021-இல் திறக்கப்பட்ட ஒரு மேம்பாலத்தில் ஏறி, சிவப்புப் பாதையின் தலைக்கு மேலேயே கடக்கும். வெயில் இருந்தால் நகர மையத்தின் உயர்ந்த கட்டடங்கள் முழு வரிசையாகத் தெரியும் இடம் அது. வெஸ்டர்ன் நிலையத்துக்குப் பிறகு யாரும் எதிர்பாராத ஒன்று நடக்கும்: ரயில் மெல்லத் தரைக்கு இறங்கி, கடைசி நான்கு நிலையங்களுக்கு வீட்டு முற்றங்களுக்கு நடுவே, கேட் போட்ட லெவல் கிராசிங்குகளைக் கடந்து ஓடும். உயர்மட்ட ரயிலில் ஏறியவர் தரையில் இறங்குவார். கிம்பாலில் அதே நடைமேடையில் அடுத்து கிளம்பும் ரயிலில் ஏறித் திரும்பிவிடலாம்.

நேரத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் நடுவில் அங்கே மாலை 4.20-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பிற்பகல் இரண்டரை மணிக்குக் கிளம்பினால் போகும்போது வெளிச்சம், திரும்பும்போது விளக்குகள். மாலை நெரிசல் நகரை விட்டு வெளியே போகும் ரயில்களில்தான் இருக்கும். நீங்கள் நகருக்குள் திரும்புவதால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். காத்திருக்கும் நேரத்தில் குளிர் கடுமையாக இருக்கும். நடைமேடைகளில் கூரையை ஒட்டிச் சூடேற்றும் விளக்குகள் வைத்திருப்பார்கள். பல இடங்களில் பொத்தானை அழுத்தினால்தான் எரியும், சிறிது நேரத்தில் தானாக அணைந்துவிடும். அதன் கீழே புறாக்களும் மனிதர்களும் நெருக்கியடித்து நிற்பது அந்த ஊரின் குளிர்காலக் காட்சிகளில் ஒன்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் விளக்குத் தோரணங்கள் கட்டிய ஒரு ரயில், நடுவே திறந்த பெட்டியில் கிறிஸ்துமஸ் தாத்தாவை ஏற்றிக்கொண்டு, பாதைகளில் முறைவைத்து ஓடும். 1992-இல் தொடங்கிய வழக்கம். பார்க்க அழகு, ஏற நெரிசல். தாயாருடன் இருப்பதால் நடைமேடையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பேன்.

கடைசியாக, நீங்கள் நேரடியாகக் கேட்ட பாதுகாப்பு. பகலிலும் மாலை நெரிசல் வேளையிலும் லூப்பைச் சுற்றியும் பிரவுன் பாதையிலும் வயதானவர்கள், பள்ளிப் பிள்ளைகள், அலுவலகம் போகிறவர்கள் எல்லோரும் பயணம் செய்கிறார்கள். அங்கே அஞ்ச ஒன்றுமில்லை என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன். நள்ளிரவைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். சிவப்பு, நீலப் பாதைகள் 24 மணி நேரமும் ஓடுகின்றன. தங்க இடமில்லாதவர்கள் குளிருக்கு ஒதுங்கும் கூரையும் இரவில் அவைதான். அவர்களில் பெரும்பாலோர் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் காலியான பெட்டியில் ஒருவர் புகைத்துக்கொண்டோ உரக்கக் கத்திக்கொண்டோ இருந்தால், ஊர் பழகிய நான் அடுத்த நிலையத்தில் இறங்கிப் பக்கத்துப் பெட்டிக்கு மாறுவேன். நீங்கள் தாயாரை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்பது வேறு விஷயம். ஓடும் ரயிலில் பெட்டிக்குப் பெட்டி கடப்பது ஆபத்து, அனுமதியும் இல்லை. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு உங்களுக்கு நான் பரிந்துரைப்பது டாக்சிதான். அதற்கு முன்னால் என்றால், ஓட்டுநர் இருக்கும் முதல் பெட்டியில் ஏறுங்கள், கதவோரம் உட்கார்ந்து கைப்பேசியை நீட்டிப் பிடித்துப் பார்க்காதீர்கள். கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு இறங்கி ஓடுவது பழைய தந்திரம்.

திரும்பிப் போகும் நாளில் ஓ'ஹேருக்கு வழக்கமான கட்டணம்தான், அந்தக் கூடுதல் தொகை கிடையாது. பெட்டி படுக்கைகளோடு கிளார்க்/லேக்கில் லிஃப்டில் கீழே இறங்கி, ரயிலின் நெற்றியில் 'ஓ'ஹேர்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். அதே நீலப் பாதையின் எதிர்த்திசை ரயில் ஃபாரஸ்ட் பார்க் என்ற வேறொரு கோடிக்குப் போய்விடும். வாரநாள் காலை என்றால் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.